நீர்நாய்க்குப் போட்ட பூட்டு

ஓடைக்கரை இயற்கை ஆர்வலர் சங்கத்தில் சேர்ந்து பதினான்கு மாதங்கள் ஆகியும் சாவிக்காரர் ஒரு விலங்கைக்கூடப் பார்த்தபாடில்லை. அதாவது, சங்கம் விலங்கென்று ஒப்புக்கொண்ட எதையும் பார்க்கவில்லை. சங்கத்தின் மாதாந்திரப் படிவத்தில் பன்னிரண்டு விலங்குகளின் பெயர்களும் அவற்றுக்கு எதிரே பன்னிரண்டு கட்டங்களும் இருந்தன. பன்னிரண்டும் அந்த ஊரை விட்டுப் போய் ஒரு தலைமுறை ஆகியிருந்தது. பதின்மூன்றாவதாக 'இதர' என்று ஒரு கட்டம் உண்டு. அதற்குக் கீழே, பொடி எழுத்தில், 'தலைவரின் முன் அனுமதி பெற்றுப் பார்க்கவும்' என்று அச்சிட்டிருந்தார்கள்.

அவர் ஆசைப்பட்டுச் சேரவில்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மீன்கடைக்கும் தையல்கடைக்கும் நடுவில், இரண்டு ஆள் சேர்ந்து நிற்க முடியாத பெட்டிக்கடையில் உட்கார்ந்து சாவிக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தவரை மனைவியின் அண்ணன் வந்து இழுத்துக்கொண்டு போனார். அண்ணன் மருந்துக்கடை வைத்திருந்தார். சங்கத்துக்குச் செயலாளரும் அவர்தான்.

"கூட்டம் நடத்த ஏழு பேர் வேணும் மாப்ள. ஆறு பேர்தான் இருக்கோம். நீ வந்து சும்மா உக்காந்தா போதும்."

"எனக்கு மிருகத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாதே மச்சான்."

"அங்க யாருக்குத் தெரியும்?"

மச்சான் கேலி பேசுகிறார் என்று நினைத்துச் சாவிக்காரர் சிரித்தார். மச்சான் சிரிக்கவில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஓடைப் பாலத்தில் கூடுவார்கள். எல்லாருக்கும் பச்சைத் தொப்பி, கழுத்தில் தொலைநோக்கி. தலைவர் போக்குவரத்துத் துறையில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். விசில் இல்லாமல் அவருக்கு எந்தக் காரியமும் தொடங்காது. 'இயற்கையைக் கேட்க ஒரு நிமிட மௌனம்' என்று அறிவித்துவிட்டு நீளமாக ஒரு விசில் ஊதுவார். கரையில் நின்ற கொக்கு, நாரை எல்லாம் அடித்துப்பிடித்துப் பறந்துவிடும். மௌனம் முடிந்ததற்கு இன்னொரு விசில். அதற்குப் பறக்க எதுவும் மிச்சம் இருக்காது.

பிறகு படிவம். தலைவர் மரநாய்க்கு எதிரே 'இருப்பதாக உணரப்பட்டது' என்று எழுதுவார். இனங்காணல் பிரிவின் பொறுப்பாளரான பல் டாக்டரம்மா 'வாசனை கிடைத்தது' என்பார். மச்சான் 'தலைவர் உணர்ந்தபோது உடனிருந்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். சாவிக்காரர் மட்டும் பன்னிரண்டு கட்டத்திலும் 'இல்லை' என்று எழுதுவார். மயிரிழை பிசகினாலும் சாவி திரும்பாது என்று முப்பது வருடமாகப் பழகிய கை அது. வேறு எப்படி எழுதுவதென்று அதற்குத் தெரியவில்லை. நாலாவது மாதமே அவருக்கு 'வெறுந்தாள்' என்று பெயர் விழுந்துவிட்டது.

"என்ன வெறுந்தாள், இந்த மாசமும் கண்ணை வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டீங்களா?" என்பார் தலைவர். எல்லாரும் சிரிப்பார்கள். மச்சான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்துவிட்டு, திரும்பி வரும் வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

உண்மையில் சாவிக்காரர் ஒன்றைப் பார்த்திருந்தார். வருடா வருடம் முதல் பெருமழை விழும் நாளில், பொழுது சாயும் நேரத்தில், கைவிடப்பட்ட செங்கல் சூளையிலிருந்து தேரைகள் கிளம்பும். நூற்றுக்கணக்கில். சூளைப் பாதையைத் தாண்டி ஓடைக்குப் போய் முட்டையிடும். அவர் சைக்கிளில் வீடு திரும்புகிற பாதை அது. எட்டு ஒன்பது வருடங்களுக்கு முன்னால் ஒன்று டயருக்கடியில் நசுங்கியது. அந்தச் சத்தம் அவரை விடவில்லை. மறுவருடத்திலிருந்து மேகம் கறுத்தாலே பழைய பெயிண்ட் வாளி ஒன்றை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொள்வார். பத்துப் பதினைந்தாக அள்ளி, பாதைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கவிழ்ப்பார். கையில் எடுத்தால் மூத்திரம் பெய்யும். தொண்டை துடிக்கும். முகம் எப்போதும் யாரோ திட்டிவிட்ட மாதிரியே இருக்கும். அதனால்தான் அவருக்கு அவற்றைப் பிடித்துப்போயிற்றோ என்னவோ.

"வாளியை வாசல்லயே கழுவிட்டு உள்ள வாங்க," என்பாள் மனைவி. அந்த விஷயத்தில் வீட்டில் அவ்வளவுதான் பேச்சு.

ஒருமுறை தலைவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டுப் பார்த்தார். "சார், படிவத்துல தேரைக்கு ஒரு கட்டம் போடலாங்களா?"

"தேரையா?" தலைவர் தொப்பியைக் கழற்றினார். "அது தானா வந்து கால்ல மிதிபடுற சாமான். அதை எதுக்குப் பாதுகாக்கணும்? ஒண்ணைப் பாதுகாக்கணும்னா முதல்ல அது இல்லாம போகணும். நீர்நாயைப் பாருங்க, எவ்வளவு ஒழுங்கா இல்லாம இருக்கு!"

பதினைந்தாவது மாதம் மச்சான் கடைக்கு வந்தார். ஆண்டறிக்கையில் உறுப்பினர் வாரியாக எத்தனை பார்வைகள் என்று அச்சிடப் போகிறார்களாம்.

"உன் பேருக்கு நேரா பூஜ்யம்னு அச்சுல வந்தா, கூட்டிட்டு வந்த என் மூஞ்சியை எங்க மாப்ள வெச்சுக்குவேன்? பெருசா ஒண்ணும் வேண்டாம். ஒரு கால்தடம். ஒரு எச்சம்." மாதிரி சேகரிக்கும் உறை ஒன்றை மேஜைமேல் வைத்தார். "தங்கச்சிக்காகவாவது பாரு."

மச்சான் போன பிறகு சாவிக்காரர் குனிந்து பார்த்தார். மீன்கடைப் பூனை தினமும் காலையில் அவருடைய கடை ஷட்டருக்கு அடியில் விட்டுப் போவதை அன்றைக்கும் விட்டுப் போயிருந்தது. தினமும் திட்டிக்கொண்டே பழைய சாவி அட்டையால் தள்ளிவிடுவார். அன்றைக்குத் திட்டவில்லை. அட்டையால் எடுத்து உறைக்குள் போட்டார். பட்டியலில் முதலில் இருந்த பெயர் நீர்நாய். அதையே எழுதினார். 'இடம்: பாலத்துக்கு மேற்கே நாற்பது அடி.' நாற்பது எங்கிருந்து வந்ததென்று அவருக்கே தெரியாது. எழுதி முடித்ததும் காது இரண்டும் சுட்டன.

அந்த வாரக் கூட்டத்தில் ஜன்னல்களைச் சாத்தினார்கள். மின்விசிறியை நிறுத்தினார்கள். பல் டாக்டரம்மா வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, பல் பிடுங்கும் தட்டில் உறையைக் கொட்டி, கண்ணை மூடி மூன்று முறை முகர்ந்தார். உறுப்பினர்கள் எழுந்து நின்றார்கள்.

"மீன்," என்றார் டாக்டரம்மா.

"மீன்," என்று மச்சான் குறித்துக்கொண்டார்.

"நல்ல மீன். செதில் இருக்கு. பின்னாடி லேசா ஒரு பூ வாசம். சந்தேகமே வேண்டாம், நீர்நாய்தான். இருபத்தெட்டு வருஷம் அடுத்தவங்க வாய்க்குள்ள விட்டு வெச்சிருந்த மூக்கு இது. ராத்திரி என்ன சாப்பிட்டாங்கன்னு வாயைத் திறந்ததும் சொல்லிடுவேன்."

தட்டு வரிசையாகக் கைமாறியது. ஒவ்வொருவரும் முகர்ந்து தலையை ஆட்டினார்கள். ஒருவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கடைசியில் சாவிக்காரர் முறை. முகர்ந்தார். சொந்தக் கடை வாசல் வந்து மூக்கில் ஏறியது.

"தெரியுதா?" என்றார் டாக்டரம்மா.

"தெரியுதுங்க," என்றார் அவர். அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அதுதான்.

'முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் நீர்நாய் திரும்பியது' என்று சங்கத்தின் செய்திமடல் அறிவித்தது. ஏழு பேர் சங்கம் நூற்றைம்பது பேர் சங்கமானது. வெறுந்தாள் என்ற பெயர் ஒரே நாளில் போய், பித்தளையில் 'கண்டவர்' என்று பொறித்த பேட்ஜ் வந்தது. மச்சான் தன் கையாலேயே அதைக் குத்திவிட்டார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னார் சாவிக்காரர்.

அவள் முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பூனைப் பீயையா? நூத்தம்பது பேரும் நம்பிட்டாங்களா?" அப்புறம் சிரிப்பு நின்றது. "அண்ணன் இத்தனை வருஷத்துல இப்பத்தான் தலை நிமிந்து நடக்குறாருங்க. அவர்கிட்ட நீங்களே எப்படிச் சொல்வீங்க?"

அவர் சொல்லவில்லை. பேட்ஜைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரிந்தார். யாராவது சங்கத்து ஆள் எதிரே வந்தால் எடுத்துக் குத்திக்கொள்வார்.

நீர்நாயை வரவேற்க ஓடைக்கரை தயாரானது. அது நன்றாகத் தெரிய வேண்டுமென்று நாணலை எல்லாம் வெட்டினார்கள். பார்க்க வருகிறவர்கள் கால் வழுக்காமலிருக்கக் கரையில் கல் பதித்தார்கள். ஒலிபெருக்கி ஒன்று மணிக்கு ஒருதரம் 'நீர்நாய் ஓய்வெடுக்கிறது, அமைதி காக்கவும்' என்று கத்தியது. நீர்நாய் வரவில்லை. கூச்ச சுபாவம் என்று செய்திமடலில் போட்டார்கள். அடுத்து வேலி வந்தது. சூளைப் பக்கத்துக் கரை முழுக்க, சுண்டுவிரல்கூட நுழையாத கம்பி வலை. முழங்கால் ஆழத்துக்கு மண்ணில் புதைத்திருந்தார்கள். நடுவில் ஒரே ஒரு அகலமான கதவு.

சாவிக்காரர் வேலியோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வலைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். மழைக்கு ஒரு மாதம்தான் இருந்தது.

"சார், இப்படி அடைச்சிட்டா நீர்நாய் எப்படிங்க வெளிய போகும்?"

"எதுக்குப் போகணும்? போன தடவை போச்சு. முப்பத்தாறு வருஷம் ஆளைக் காணோம்," என்றார் தலைவர்.

இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்தது. இரண்டு நாள் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தார். 'அது பூனையோடது. நான்தான் போட்டேன்.' நாலே வார்த்தை. பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்றார். முன்வரிசையில் மச்சான் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். வார்த்தைகள் தொண்டையிலேயே உருமாறிவிட்டன.

"அந்த உறையில இருந்தது... வேற ஏதாவதா இருக்கலாமோன்னு எனக்கு ஒரு சந்தேகம்."

தலைவர் மெதுவாக எழுந்தார்.

"நண்பர்களே, இவருடைய அடக்கத்தைப் பாருங்க. ஆனா சங்கத்துக்குன்னு ஒரு முறை இருக்கு. பார்த்ததை வாபஸ் வாங்க ஒன்பதாம் நம்பர் படிவம் இருக்கு. நீங்க நீர்நாயைப் பார்க்காதப்ப கூட இருந்து, அவங்களும் பார்க்காத ரெண்டு சாட்சி கையெழுத்துப் போடணும்."

"நான் தனியாத்தான் இருந்தேங்க."

"அப்ப நீங்க பார்க்கலைங்கறதுக்கு என்ன ஆதாரம்?" தலைவர் கையை விரித்தார். "நீங்க பார்த்ததா நாங்க தீர்மானம் போட்டுட்டோம். மேல இடத்துக்கு எழுதியாச்சு. கல்லுல வெட்டியாச்சு. இனிமே அது உங்க தனிப்பட்ட விஷயம் இல்லை."

"அப்ப வேலிக்கு அடியில ஒரு சாண் இடைவெளியாவது விடுங்க சார். தேரைங்க தண்ணிக்குப் போகணும்."

"தேரைக்காக நீர்நாயைக் காவு குடுக்கச் சொல்றாரே!" என்றார் டாக்டரம்மா வருத்தத்தோடு. யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள். எதற்கென்று தெரியாமலே எல்லாரும் தட்டினார்கள். கைதட்டலுக்கு நடுவே, வேலிக் கதவுக்குப் பூட்டுப் போடும் கௌரவத்தைக் கண்டவருக்கே அளிப்பதென்று தீர்மானமாயிற்று.

அவர் பூட்டுப் போட்டார். நல்ல பூட்டாகவே போட்டார், மோசமாகப் போட அந்தக் கைக்கு வராது. ஒரே சாவி. அதைத் தலைவர் விசில் கயிற்றிலேயே கோத்துக்கொண்டார். கதவு வருடத்தில் ஒரு நாள், ஆண்டு விழாவில் மட்டும் திறக்கும் என்றார்.

அன்று மாலை சாவிக்காரர் கடையில் உட்கார்ந்து, யாரும் கேட்காத ஒரு சாவியைச் செய்தார். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அப்படிச் செய்ததில்லை. ஊதித் துடைத்துச் சட்டைப் பையில், பேட்ஜுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். மழை வரட்டும், சத்தமில்லாமல் போய்த் திறந்துவிடலாம். யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. பல நாட்களுக்குப் பிறகு அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டார்.

மழை ஆண்டு விழாவன்று மாலை வந்தது.

வேலிக்கு எதிரே பந்தல், மேடை. சூளைப் பாதையைச் சமன்படுத்தி வண்டிகள் நிறுத்த இடம் பண்ணியிருந்தார்கள். மேடையில் தலைவருக்கும் டாக்டரம்மாவுக்கும் நடுவில் சாவிக்காரரை உட்கார வைத்திருந்தார்கள், தலையில் பச்சைத் தொப்பியோடு. முன்வரிசையில் மனைவி, மச்சான். தலைவர் பேச எழுந்தபோது பந்தல்மேல் மழை சடசடவென்று விழுந்தது.

"இயற்கையே நம்மை வாழ்த்துகிறது!" என்று தொடங்கினார் தலைவர்.

மேடை விளக்கின் வெளிச்சம் வேலியின் அடி வரைக்கும் போனது. அங்கே மண் அசைவது மாதிரி இருந்தது. சாவிக்காரர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். மண் இல்லை. வேலி நெடுகிலும் தேரைகள் வலையில் முகத்தை வைத்து அழுத்திக்கொண்டு நின்றன. பின்னாலிருந்து வந்தவை முன்னால் நின்றவற்றின் மேல் ஏறின. ஏறிச் சறுக்கின. கொஞ்ச நேரத்தில், வழி தேடி, வேலியோரமாகவே திரும்பி நகர ஆரம்பித்தன, வண்டிகள் வந்து நிற்கும் பக்கமாக. தாமதமாக வந்த விருந்தாளிகளின் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே திரும்பிக்கொண்டிருந்தன.

சாவி பைக்குள்தான் இருந்தது. எழுந்து, மேடைப் படியில் இறங்கி, நூற்றைம்பது பேரின் முன்னால் நடந்து போய்க் கதவைத் திறக்க வேண்டும். இருபது அடி இருக்கும். 'உங்களுக்கு ஏது சாவி?' என்பார்கள். 'எதுக்குத் திறக்குறீங்க?' என்பார்கள். ஒன்றைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும். பாதி எழுந்தார்.

டாக்டரம்மா கையைப் பிடித்து அழுத்தினார். "உக்காருங்க. உங்களைப் பத்திதான் பேசுறார்."

உட்கார்ந்தார்.

"ஒரு உயிரைக் காக்க என்ன வேண்டும்? கண் வேண்டும்!" என்றார் தலைவர். "எத்தனையோ பேர் இந்த ஓடையைத் தாண்டிப் போனார்கள். காலுக்கடியில் இருப்பதைப் பார்க்கும் கண் இவருக்கு மட்டுமே இருந்தது!"

தலைவர் நாற்பது நிமிடம் பேசினார். கார்கள் வந்துகொண்டே இருந்தன. மழைச் சத்தத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவில் டயர்ச் சத்தம் காதில் விழ வாய்ப்பே இல்லை. சாவிக்காரருக்கு ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது. எல்லாரும் கைதட்டியபோது அவரும் தட்டினார்.

பேச்சு முடிந்ததும், கதவு திறக்கும் சடங்கை மழைக்காக விட்டுவிட்டுக் கூட்டம் வண்டிகளுக்கு ஓடியது. கார்கள் மறுபடி கிளம்பின. அதற்குப் பிறகுதான் அவர் போய்க் கதவைத் திறந்தார். வாளி கடையில் இருந்தது. தொப்பியைக் கழற்றி அதில் அள்ளினார். உயிரோடிருந்ததையும் இல்லாததையும் விரலால் தடவித்தான் பிரிக்க முடிந்தது. மனைவி கொஞ்ச நேரம் குடையோடு நின்று பார்த்தாள். பிறகு குடையை மடக்கி வைத்துவிட்டு, முந்தானையை ஏந்தி அவளும் அள்ள ஆரம்பித்தாள். ஏதாவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

காலையில் தலைவர், டாக்டரம்மா, மச்சான் மூவரும் வந்து பார்த்தார்கள். வேலியோரத்திலும் வண்டி நிறுத்துமிடத்திலும் தேரைகள் தட்டையாகக் கிடந்தன. அதிகாலையிலேயே அங்கே வந்து நின்றிருந்தார் சாவிக்காரர்.

தலைவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் முகம் மலர்ந்தது. "வேட்டை!" என்றார். "நம்ம நீர்நாய் வேட்டையாடியிருக்கு!"

டாக்டரம்மா ஒன்றை இடுக்கியால் எடுத்து முகர்ந்தார். "ஆமா. தேரை. கூடவே கொஞ்சம் ரப்பர் வாசம்."

"ரப்பரா?"

"ஊர்ப்பக்கம் வந்து பழகியிருக்கும் சார்."

"தலைவரே, இங்க பாருங்க, கதவு திறந்திருக்கு!" என்று மச்சான் கூவினார்.

"பூட்டைத் திறந்துட்டு வந்திருக்கே!" தலைவருக்குக் குரல் தழுதழுத்தது. "என்ன அறிவு, என்ன அறிவு!"

"நான்தான் திறந்தேன்," என்றார் சாவிக்காரர். இந்தத் தடவை வார்த்தைகள் உருமாறாமல் வந்தன. "என்கிட்ட இன்னொரு சாவி இருக்கு. இங்க நீர்நாயே இல்லை. அந்த எச்சம் மீன்கடைப் பூனையோடது. நான்தான் உறைக்குள்ள போட்டேன். இதெல்லாம் கார்ல நசுங்கினது. நான் மேடையில உக்காந்து பார்த்துட்டே இருந்தேன்."

மச்சான் தரையைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஒருவேளை எப்போதுமே தெரிந்திருக்கலாம் என்று சாவிக்காரருக்கு அப்போதுதான் தோன்றியது.

தலைவர் அருகில் வந்து அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "நேத்து நல்லா நனைஞ்சுட்டார். செயலாளரே, உங்க கடையிலிருந்து ரெண்டு மாத்திரை குடுங்க. அப்படியே வேட்டைப் பதிவுப் படிவத்தையும் குடுங்க. முதல்ல வந்து பார்த்தவர் இவர்தானே? இவரே நிரப்பட்டும்."

சாவிக்காரர் படிவத்தை வாங்கிக்கொண்டார். அவர்கள் போன பிறகு ஒவ்வொன்றாக எண்ணினார். வெயில் ஏறும்வரை எண்ணினார். பிறகு பேனாவை எடுத்தார். 'இரை: தேரை.' 'எண்ணிக்கை: இருநூற்றுப் பதினேழு.' 'கொன்ற விலங்கு' என்ற கட்டத்தில் தன் தொழிலையும் கடை விலாசத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பத்து நாள் கழித்து, முத்திரை குத்திய பதில் கடைக்கு வந்தது.

'தங்கள் படிவம் பரிசீலிக்கப்பட்டது. தாங்கள் குறிப்பிட்டுள்ள விலங்கு சங்கத்தின் பட்டியலில் இல்லை. 'இதர' கட்டத்தில் சேர்க்க, இனங்காணல் பிரிவின் ஆய்வுக்கு மாதிரி ஒன்றை இத்துடன் இணைத்துள்ள உறையில் இட்டு அனுப்பவும். தேரையைப் பொறுத்தவரை, எண்ணிக்கை இதே வேகத்தில் குறைந்து வந்தால் இன்னும் சில ஆண்டுகளில் அதைப் பட்டியலில் சேர்ப்பது பற்றிப் பரிசீலிக்கப்படும் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.'

கீழே மூன்று கையெழுத்துகள். மூன்றாவது மச்சானுடையது.

சாவிக்காரர் காலி உறையைப் பிரித்தார். சட்டைப் பையிலிருந்து 'கண்டவர்' பேட்ஜை எடுத்து அதற்குள் போட்டார். ஒட்டுவதற்கு முன்னால் மூக்கருகே கொண்டுபோய் ஒருமுறை முகர்ந்து பார்த்தார்.

பித்தளை. பின்னாடி லேசாக, மீன்.